இது இன்னும் மருந்தில்லை என்று சொன்ன மகளுக்கு

அன்புள்ள நித்யா,

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போடச் சொல்லியிருந்தேன். வாலாஜாபாத் அச்சகக்காரர், பெண் எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறாள் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம் என்றேன். அப்படியானால் 'முனைவர்' என்றே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பந்தியில் உட்கார்ந்தபடியே முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார்கள் என்று சிரித்தார். முனைவர் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் பத்திரிகை வைக்கப் போகிற வீடுகளில் கேள்வி நின்றபாடில்லை. பொண்ணு இன்னா படிச்சிகீது என்று முதலில் கேட்கிறார்கள். ரத்தப் புற்றுநோயைப் பற்றி என்கிறேன். மருந்து கண்டுபிடிச்சிடுச்சா என்பது அடுத்த கேள்வி. இல்லை என்றதும், இத்தனை வருஷம் படித்து என்ன பயன் என்று வாயைத் திறந்து கேட்காமல் முகத்தாலேயே கேட்கிறார்கள். தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி பதில் சொல்லி முடிகிற விஷயமா அது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இது உனக்குத்தான் கடிதம். ஆனால் எழுதி முடித்ததும் எங்கள் டிரைவர்கள் குழுவிலும் சொந்தக்காரர்கள் குழுவிலும் போடப்போகிறேன். உன் அம்மாவைப் பற்றியும் இதில் வருவதால் அவளிடம் கேட்டுவிட்டேன். போடுங்க, எனக்கு இன்னா வெக்கம் என்றாள். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய். நான் எழுதியதில் அறிவியல் பிசகு ஏதாவது இருந்தால் எல்லார் எதிரிலும் தாராளமாகத் திருத்து.

நீ காஞ்சிபுரத்தில் கல்லூரிக்குப் போய்வந்த காலத்திலிருந்து தொடங்குகிறேன். அப்போதும் நான் இதே வேலைதான் செய்தேன். வாலாஜாபாத் பக்கத்து ஊர்களிலிருந்து ஒரகடம் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிவரும் ஸ்டாஃப் பஸ். காலை ஷிப்டுக்கு ஆள் எடுக்க நம் ஊர் வடக்குப்பட்டிலிருந்து காலி வண்டியோடு கிளம்புவேன். நீ டவுன் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பாய். ஒரே ரோடு, ஒரே திசை, பின்னால் அத்தனை சீட்டும் காலி. கம்பெனி வண்டியில் வெளியாட்களை ஏற்றக்கூடாது என்று விதி இருப்பது உனக்குத் தெரியும். மழை கொட்டிய நாட்களில்கூட நீ கை காட்டியதில்லை. நான் ஹாரன் அடித்துவிட்டுப் போவேன், நீ தலையை மட்டும் அசைப்பாய். மற்ற டிரைவர்கள் என்னைத் திட்டுவார்கள். பெற்ற பெண்ணை நனையவிட்டுப் போகிறாயே என்பார்கள். ஒருநாள் மனசு கேட்காமல் நானே வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். நீ ஏறவில்லை. "போப்பா, உன் வேலைக்கு ஏதாவது ஆயிடப்போவுது" என்றாய். அன்று கண்ணாடியில் நீ சிறிதாகி மறைகிற வரை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இந்தப் பெண்ணை எங்கே அனுப்பினாலும் பயமில்லை என்று அன்றைக்கு மனசில் பட்டது.

பிறகு சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாய். என்ன ஆராய்ச்சி என்று நாங்கள் கேட்டோம், நீயும் சொன்னாய். எங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. அதை எங்களுக்குப் புரியவைத்தது உன் அம்மாவின் உடம்புதான்.

உன் அம்மா ஒரகடத்தில் காருக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் லைன் லீடராக இருந்தாள். ஷிப்டு முழுக்க நின்றபடி வேலை. அலுத்துக்கொள்ளாதவள், அந்த வருஷம் பஸ் படி ஏறுவதற்கே மூச்சு வாங்கினாள். லைனில் இருந்த பெண்கள், அக்கா ரொம்ப வெளுத்துட்டீங்க என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்து டாக்டர் ரத்தம் கம்மி என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோது, டிவி மேல் கிடந்த ரிப்போர்ட்டுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தாய். மறுபடி முதலிலிருந்து பார்த்தாய். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், அம்மாவுக்கு இரும்புச் சத்து குறைவே இல்லை, உடம்பில் இரும்பு இருக்கிறது, அதை எடுத்துப் பயன்படுத்தத்தான் முடியவில்லை, இது சாதாரண சோகை மாதிரித் தெரியவில்லை, ரத்த நோய் பார்க்கிற டாக்டரிடம் போகவேண்டும் என்றாய். குரல் நடுங்காமல்தான் சொன்னாய். ஆனால் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தாய்.

சென்னையில் இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று நாம் மூன்று பேரும் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தோம். மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக முதிராமல் போகிற நோய் இது, ரத்தப் புற்றுநோய்களின் கூட்டத்தில்தான் சேர்ப்பார்கள், ஆனால் இவருக்கு வந்திருப்பது மெதுவாக நகரும் வகை என்றார் அவர். மரபணுச் சோதனையில் ஒரு பெயரைப் படித்தார். எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு பெயர். அதைக் கேட்டதும் நீ கண்ணை மூடித் திறந்தாய். வெளியே வராந்தாவில் வந்து கேட்டேன். "அப்பா, நான் எந்தக் கூட்டத்துப் புரதங்களை வெச்சு வேலை செய்யறனோ, அந்தக் கூட்டத்துல ஒண்ணுதான் அம்மாவுக்குக் கெட்டுப்போயிருக்கு" என்றாய். நான் கேன்டீனில் மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்த பிறகு உன் அம்மா உன்னை விடவில்லை. எனக்கு இன்னா வந்துகீதுன்னு எனக்கே புரியணும், சொல்லு என்றாள். நீ தரையில் உட்கார்ந்து சொன்னதை இன்றைக்கும் நான் அப்படியே சொல்வேன். நம் உடம்பு எப்படி வேலை செய்யவேண்டும் என்கிற எழுத்தெல்லாம் டிஎன்ஏ என்று செல்லின் நடுவே பத்திரமாக இருக்கிறது. அது வெளியே வராது. ஒரு வேலை நடக்கவேண்டுமானால் அந்த வேலைக்கு மட்டும் செல் ஒரு நகல் எடுக்கும். அந்த நகலுக்குத்தான் ஆர்என்ஏ என்று பேர். அந்த நகல் தனியாக எங்கேயும் போவதில்லை. பிறந்த நிமிஷத்திலிருந்தே அதைப் பிடித்துக்கொள்ளச் சில புரதங்கள் இருக்கின்றன. வேண்டாத பகுதியை வெட்டி, வேண்டியதைச் சேர்க்க ஒரு கூட்டம். வெளியே கொண்டுபோக ஒரு கூட்டம். எத்தனை நாள் உயிரோடு வைக்கலாம், எப்போது அழித்துவிடலாம் என்று முடிவு செய்ய இன்னொரு கூட்டம். மஜ்ஜையில் பிறக்கிற இளம் செல், சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ வளர்ந்து பெரிதாக வேண்டும். அதற்கான செய்தியெல்லாம் இந்தப் புரதங்களின் கையில்தான் இருக்கிறது. அதில் ஒன்று கெட்டாலோ, அளவுக்கு மேல் பெருகினாலோ செய்தி மாறிவிடும். செல் முதிராமல் நிற்கும். அல்லது நிறுத்தவேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் பெருகிக்கொண்டே போகும். ரத்தப் புற்றுநோய் வரும் வழிகளில் அது ஒன்று.

உன் அம்மாவுக்குக் கெட்டது வெட்டும் இடத்தை அடையாளம் காட்டுகிற புரதம். வெட்டிச் சேர்க்கிற அந்த வேலைக்கு ஸ்ப்ளைஸ் என்று பேர் என்றாய். உன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் லைனில் வயரோடு வயரைச் சேர்க்கிற இடத்துக்கும் அதே பேர்தான். "வெட்ற எடம் கொஞ்சம் தள்ளிப்போனா இன்னா ஆவும், அந்த வயரு வேலைக்கு ஆவாது. ஸ்க்ராப்புல போடுவோம்" என்றாள். செல்லும் அதைத்தான் செய்கிறது என்றாய் நீ. தப்பாக வெட்டிய செய்தியைக் கண்டுபிடித்து அழித்துவிடுகிறது. அப்படி அழிந்துபோகிறவற்றில், இரும்பைச் சரியாகக் கையாளச் சொல்லும் செய்தியும் ஒன்று. அதனால் இரும்பு, சிவப்பணுவாக வேண்டிய இளம் செல்லுக்குள்ளேயே மோதிரம் மாதிரித் தேங்கி நிற்கிறது. ரத்தம் ஊறுவதில்லை. அப்ப நான் சாப்ட மாத்திரையெல்லாம் வீணு என்றாள் உன் அம்மா. பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பேய் மாதிரி இருந்த ஒன்றுக்குக் கை கால் தெரிந்துவிட்டது.

அந்த வாரம் ஏழுமலை வந்தான். என்னோடு பஸ் ஓட்டுகிறவன், உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன், உனக்கு மாமா. விஷயம் கேள்விப்பட்டுக் கண் கலங்கி உட்கார்ந்தவன், தன்னைத் தானே தேற்றிக்கொள்கிற மாதிரி, நம்ம பொண்ணே இந்த நோயத்தானே படிக்குது, இனிமே இன்னா கவலை, அவளே ஒரு மருந்து கண்டுபிடிச்சி அம்மாவுக்குக் குடுத்துடுவா என்றான். நான் உன் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று என் மனசு தவித்தது. நீ அவன் எதிரில் வந்து உட்கார்ந்து, "மாமா, நான் பண்ற வேலை எங்க அம்மாவுக்கு உதவாது. இது இன்னும் மருந்தில்ல. மருந்தாவறதுக்கு எத்தினி வருஷம் ஆவும்னு யாருக்கும் தெரியாது. அம்மா டாக்டர் சொல்றபடி கேட்டா போதும்" என்றாய். ஏழுமலை என்னைப் பார்த்தான், நான் சுவரைப் பார்த்தேன். இப்படியா பட்டென்று சொல்வது என்று எனக்கு உன்மேல் கோபம். அவன் போன பிறகு உன் அம்மாவிடம் புலம்பினேன். அவள் சிரித்தாள். "அவ சொன்னதுல எனக்கு நிம்மதியா கீது. இல்லன்னா அவ வூட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அவ மூஞ்சியவே பாத்துகினு இருப்பேன், இன்னிக்கு எதனா எடுத்துகினு வந்தாளான்னு" என்றாள். பெற்றவளுக்குப் புரிந்தது எனக்குப் புரிய நாளாயிற்று.

உன் அம்மாவுக்கு முதலில் ரத்தம் ஊறத் தூண்டும் ஊசி போட்டார்கள். கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அதன் பிறகு அவ்வப்போது ரத்தம் ஏற்றிக்கொள்கிறாள். கம்பெனியில் அவளை லைனிலிருந்து எடுத்து, புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். ரத்தம் ஏற்றிய புதிதில் துள்ளிக்கொண்டு இருப்பாள், நாள் போகப் போக வாடுவாள், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவாள். அந்த வாழ்க்கைக்கு வீடு பழகிவிட்டது. நீயும் உன் வேலையில் முழுகினாய்.

உன் வேலை வேறு ஒரு புரதத்தைப் பற்றியது. அது செய்தியைக் காவல் காக்கிற வகை. சாதாரணமாக வளர்ந்த செல்லில் அது அடங்கியே இருக்கும். வேகமாக வளரும் சில ரத்தப் புற்றுநோய்களில் அது ஏராளமாகப் பெருகி, 'வளர், வளர்' என்று சொல்லும் செய்திகளை அழியவிடாமல் கட்டிப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லியிருந்தாய். லேபில் வளர்க்கிற புற்றுச் செல்களிலிருந்து அந்தக் காவலாளியை நீ எடுத்துவிட்டாய். செல்கள் செத்தன. அதை ஒரு மாநாட்டில் போஸ்டராக வைத்தபோது பரிசு கிடைத்தது. அந்தப் போட்டோவை நான் என் போனில் ஸ்டேட்டஸ் வைத்தேன். அதைப் பார்த்த ஏழுமலையும் ஊர்ப் பிள்ளைகளும் என்ன செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். மறுநாள் காலை நான் வண்டியோடு திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் பேனர். 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த எங்கள் மண்ணின் மகளே' என்று சிவப்பு எழுத்து. உன் தலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற மாதிரி ஒளி. கீழே இருபது பிள்ளைகளின் பாஸ்போர்ட் போட்டோ. பொய் சொல்வானேன், அன்று அந்த இடத்தைத் தாண்டும்போது நான் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினேன்.

சனிக்கிழமை நீ வருவதற்குள் ஒரு பெண் நம் வீட்டைத் தேடி வந்துவிட்டாள். வாலாஜாபாத்துக்காரி. பஸ்ஸில் போகும்போது பேனரைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறாள். கணவனுக்கு ரத்தப் புற்றுநோய். முதல் சுற்று மருந்து ஏற்றியதில் வாய் புண்ணாகி, முடி கொட்டி, இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று வீட்டில் படுத்துவிட்டான். நீ பையை இறக்கி வைப்பதற்குள் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மருந்த எங்களுக்குக் குடுத்துடும்மா. ஊசி வேணாம்னு அழுவுறாரு. நீ குடுக்கறத நான் அவருக்கு எப்படியாச்சும் ஊட்டிடறேன்" என்றாள். நீ அவளோடு தரையில் உட்கார்ந்தாய். என்னிடம் மருந்து இல்லை அக்கா என்று முதலிலேயே சொன்னாய். அவள் நம்பவில்லை. பேனர்ல போட்டுகீதே என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவள் கொண்டுவந்த ரிப்போர்ட்டுகளைப் பொறுமையாகப் படித்தாய். இவர்கள் கொடுக்கிற மருந்துதான் இவருக்கு மருந்து, இந்த வகைக்கு அது நன்றாகக் கேட்கும் என்று டாக்டரே எழுதியிருக்கிறார், பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து, வாய்ப்புண்ணுக்கு அவர்களே வழி செய்வார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். அவள் எதிரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாய். திங்கட்கிழமை நீயே வாலாஜாபாத் போய், அந்த மனுஷனிடம் பேசி, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சென்னை பஸ் ஏறினாய். அவர் சிகிச்சையை முடித்துவிட்டார். இப்போது பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறார். போன வாரம் பத்திரிகை வைக்கப் போனபோது எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையே அவளை பஸ் ஏற்றிவிட்ட கையோடு நீ நேராகப் பேனருக்கு அடியில் போய் நின்றாய். நான் பின்னாலேயே வந்தேன். ஏழுமலையும் பிள்ளைகளும் டீக்கடையில் இருந்தார்கள். இதை இறக்கிவிடுங்கள் மாமா என்றாய். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இன்னா பாப்பா, ஆசையா வெச்சோம், ஒரு வாரமாச்சும் இருக்கட்டும் என்றான். பிள்ளைகளுக்கும் கோபம். நம் ஊர்ப் பேர் வெளியே தெரியட்டுமே என்றார்கள். நீ குரலை உயர்த்தவில்லை. "மாமா, இத பாத்துட்டு ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திட்டு செத்துப்போனா, அது என் கணக்குலதான் சேரும். நான் பண்ணது தட்டுல வளர்ற செல்லுல. மனுஷங்க கிட்ட இல்ல" என்றாய். ஏழுமலைதான் ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறி, கட்டை அவிழ்த்தான். அந்த பிளெக்ஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனவன், ஒரு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த பேனர் ஏறியதைவிட அது இறங்கியதுதான் எனக்குப் பெருமை நித்யா. அன்றைக்கு அது எனக்கு முழுசாகத் தெரியவில்லை, இன்றைக்குத் தெரிகிறது.

அடுத்து நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. லேபில் பல வருஷமாக வளர்ந்துவரும் செல்லில் பார்த்தது போதாது, நோயாளிகள் கொடுத்த செல்லிலும் பார்க்கவேண்டும் என்று நீயே சொன்னாய். கட்டுரை எழுதி அனுப்பத் தயாராக இருந்தது. உன் கல்யாணப் பேச்சும் முடிந்து, சரவணன் வீட்டில் தேதி குறிக்கக் காத்திருந்தார்கள். நோயாளிகளின் செல்லிலிருந்து காவலாளியை எடுத்தாய். செல்கள் சாகவில்லை. ஒருவருடையதில் மட்டும் அப்படியா என்று பார்த்தாய், எல்லாருடையதிலும் அப்படித்தான். போனில் என்னிடம் நீ சொன்னது, அப்பா நான் நினைச்சது தப்பு என்பதுதான். அழுதாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன். எனக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்?

மறுநாள் நீ உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடத்திடம் போய், கட்டுரையை அனுப்பவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அவர், வேறொருவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே கண்டுபிடித்தாயே, அது போதும், உட்கார், ஏன் சாகவில்லை என்று பார்ப்போம் என்றாராம். அந்த அம்மாவை நான் மனசாரக் கும்பிடுகிறேன். ஆனால் பட்டம் தள்ளிப்போயிற்று, கல்யாணமும் தள்ளிப்போயிற்று. சம்பந்தி நம் வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே வயசாகிறது, இருப்பதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அப்போது கூட வந்திருந்த சரவணன் வாய் திறந்தான். ஒரகடம் டயர் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கிற பையன், அதுவரை எங்கள் வீட்டில் காபி போதும் என்பதைத் தவிர வேறு பேசியதில்லை. "அவங்க தப்ப அவங்களே எடுத்து மேல சொல்லிகீறாங்கப்பா. நான் இத்தினி வருஷம் வேலை பாக்கறேன், அப்படி ஒருத்தரப் பாத்ததில்ல. நான் வெயிட் பண்றேன்" என்றான். சம்பந்தி அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு, சரி, அந்த ஜாதகத்தை அப்படியே உள்ளே வையுங்கள், பொண்ணு முடிச்சிட்டு வரட்டும் என்று எழுந்தார். அன்றுதான் உன்னைக் கொடுக்கிற இடம் சரியான இடம் என்று உன் அம்மா முடிவு செய்தாள். ஜாதகத்தில் எத்தனை பொருத்தம் இருந்தது என்று அவள் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

ஏன் சாகவில்லை என்பதற்கு நீ பதில் கண்டுபிடித்தாய். அந்தக் காவலாளிக்குக் கூடப்பிறந்தது மாதிரி இன்னொரு புரதம் இருக்கிறது. நோயாளிகளின் செல்லில் ஒன்றை எடுத்தால், இன்னொன்று வந்து அந்த வேலையைப் பிடித்துக்கொள்கிறது. லேபில் காலங்காலமாக வளர்ந்த செல், அந்த இரண்டாவதை எப்போதோ தொலைத்துவிட்டிருந்தது. அதனால்தான் அது மட்டும் செத்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நோய்ச் செல் அடங்குகிறது, ஆனால் நல்ல ரத்தச் செல்லும் அடிபடுகிறது. ஆகவே இதுவும் மருந்தில்லை. எங்கே மருந்து தேடவேண்டும், எங்கே தேடினால் ஏமாந்துபோவோம் என்று காட்டுகிற பலகை, அவ்வளவுதான் என்று நீ சொன்னாய். என் அளவில் அது சின்ன விஷயமில்லை. ரோட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு, பாலம் உடைந்திருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்கிறவன்தான் பெரிய ஆள்.

உன் வாய்மொழித் தேர்வுக்கு நானும் உன் அம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எல்லாம் இங்கிலீஷ். திரையில் வந்த கோடும் கட்டமும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து நீளமாக ஒரு கேள்வி கேட்டார். நீ யோசித்தாய். எனக்குத் தெரியாது சார், அதைப் பார்க்க எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை என்று பதில் சொன்னாய். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். அத்தனை படித்தவர்கள் நடுவே என் பெண் தலை குனியாமல் தெரியாது என்று சொன்னாள், அந்தப் பெரியவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். உன் அம்மா தட்டவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. போன மாதம் உன் அம்மாவுக்குத் திரும்பவும் மஜ்ஜை எடுத்தார்கள். நோய் மோசமாகவில்லை, பயப்படாதே. எடுப்பதற்கு முன் டாக்டர், கொஞ்சம் கூடுதலாக எடுத்து ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா, உங்களுக்கு இதனால் நேரடியாக ஒரு பலனும் இருக்காது என்று கேட்டார். உன் அம்மா யோசிக்கவே இல்லை. எம் பொண்ணு வேலைக்கு யார் யாரோ குடுத்தாங்க இல்ல, எடுத்துக்கோங்க என்றாள். அவள் பேர் போட்டிருக்காது, எண் மட்டும்தான் இருக்கும் என்றார் டாக்டர். அது இன்னும் நல்லது என்றாள். வெளியே வரும்போது நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டே, எந்தப் புள்ள எடுத்துப் பாக்கப்போவுதோ, நல்லா வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். உன் மேடத்திடம் படிக்கிற பிள்ளைகளில் யாரோ அதை இப்போது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கல்யாணம் முடிந்ததும் நீயும் சரவணனும் பெங்களூர் பக்கம் போகிறீர்கள். அவன் ஓசூர் தொழிற்சாலைக்கு மாறுகிறான், நீ புது லேபில் சேர்கிறாய். அப்பனாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சோதனை சரியாக வராத நாளில் நீ சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்துவிடுவாய். சரவணன் கேட்டால் ஒண்ணுமில்லை என்று சொல்லாதே. ரத்தச் செல்லைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ராத்திரியெல்லாம் பார்த்தும் பழுது பிடிபடாத மெஷினைப் பற்றித் தெரியும். அவனும் அப்படி வந்து உட்காருகிற நாள் வரும், அன்று நீ டீ போடு. உன் லேபில் யாராவது அவசரப்பட்டு இதுதான் மருந்து என்று பேசினால், வாலாஜாபாத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துக்கொள். அதற்காக, எதுவுமே மருந்தாகாது என்றும் நினைத்துவிடாதே. அவள் கணவன் இன்று இளநீர் வெட்டுகிறானே, அந்த மருந்தும் ஒருநாள் யாரோ ஒருவரின் தட்டில், இன்னும் மருந்தாகாமல் இருந்ததுதான்.

கடைசியாக ஒன்று. முகூர்த்தத்தில் தாரை வார்க்கும்போது உன் அம்மா நிற்கவேண்டும். உட்கார்ந்து செய்யலாம் என்று ஐயர் சொல்லிவிட்டார், நாற்காலி போடுகிறேன் என்று நானும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. டாக்டரிடம் போய், என் பெண் கல்யாணத்துக்கு முழுக்க நான் நிற்கவேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி ரத்தம் ஏற்றும் நாளைக் குறித்துக் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் காலண்டரைப் பார்த்து, கல்யாணத்துக்குச் சற்று முன்னால் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். அன்று ஏற்றப்போகிற ரத்தத்தை யார் கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியப்போவதில்லை. சுங்குவார்சத்திரத்தில் ஷிப்டு முடிந்து வந்து, ரத்ததான முகாமில் கை நீட்டிவிட்டு ரூமுக்குத் திரும்பிய வடக்கத்திப் பையனாக இருக்கலாம், வேலூர் பக்கத்து டீச்சரம்மாவாக இருக்கலாம். அந்த ரத்தம் ஓடுகிற தெம்பில்தான் உன் அம்மா பட்டுப்புடவை கட்டி, வாசலில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று அழைப்பாள், உன் கையைப் பிடித்துக் கொடுப்பாள். அன்று நீ அவள் காலில் விழும்போது ஒரு நிமிஷம் கூடுதலாகக் குனிந்திரு. அந்தப் பேர் தெரியாதவருக்கும் சேர்த்து.

உன் அப்பா